வேலியும் பயிரும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் அந்த மொழியில் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. ஒன்று, நாம் எதையும் அடித்துச் சொல்லிவிடுகிறோம்; சான்று அரைப்படி, முடிவு ஒரு மரக்கால். மற்றொன்று, நாம் எதையுமே சொல்லாமல் நழுவுகிறோம். வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஒருவேளை', 'அவ்வாறு தோன்றுகிறது', 'எனக் கருத இடமுண்டு'. இந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் ஒரே ஆளின் மேல், சில சமயம் ஒரே கட்டுரையின் மேல், சுமத்தப்படுவதுதான் வேடிக்கை. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கான காரணம் நமக்கு இலக்கணப் பயிற்சி போதாது என்பதல்ல. காரணம் சரித்திரத்தில் இருக்கிறது.

இந்த எச்சரிக்கைச் சொற்களுக்கு ஆங்கில மொழியியலில் 'ஹெட்ஜ்' என்று பெயர். ஜார்ஜ் லேக்காஃப் 1972-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இந்தப் பெயர் நிலைத்தது. பெங்குயின் 'ஒருவகையில்' பறவை என்று சொல்லும்போது அந்த 'ஒருவகையில்' என்ன வேலை செய்கிறது என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. ஹெட்ஜ் என்றால் செடிகளை நெருக்கி வளர்த்துக் கட்டும் வேலி. வேலிக்கு இரண்டு காரியம். ஆடுமாடு உள்ளே நுழையாமல் காப்பது ஒன்று. இந்த நிலம் யாருடையது, எதுவரை என்று ஊருக்கு அறிவிப்பது இன்னொன்று. மொழியியலாளர்கள் முதல் காரியத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

ஆங்கில விஞ்ஞான உரைநடையில் இந்த வேலியைப் பிரக்ஞையோடு நட்டவர்களில் முக்கியமானவர் ராபர்ட் பாயில். 1660-இல் லண்டனில் ராயல் சொஸைட்டி தோன்றியது. அடுத்த ஆண்டு வந்த தமது கட்டுரைத் தொகுதியின் முன்னுரையில், தாம் ஏன் அடிக்கடி 'ஒருவேளை' என்றும் 'அப்படித் தோன்றுகிறது' என்றும் எழுதுகிறார் என்பதற்கு பாயிலே விளக்கம் சொல்கிறார். பரிசோதனையில் கண்டதை உறுதியாகச் சொல்லலாம்; அதற்கு நாம் கற்பிக்கும் காரணத்தைத் தயங்கித்தான் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து அதிக காலம் ஆகாத இங்கிலாந்து அது. அடித்துச் சொல்லுபவர்களால் ஏற்பட்ட ரத்தக் களரியைப் பார்த்திருந்த தலைமுறை. சண்டையில்லாமல் கருத்து வேறுபடுவதற்கு ஒரு நடை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் பாயில் யார்? கார்க் பிரபுவின் மகன். அந்த ராஜ்யத்தின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. ஸ்டீவன் ஷேப்பின் 1994-இல் வெளியிட்ட நூலில் காட்டியிருப்பது இதைத்தான்: பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவனுடைய சொல் நம்பப்பட வேண்டுமானால் அவன் கனவானாக இருக்க வேண்டும். பாயிலின் காற்றுப் பம்பை இயக்கிய கூலிக்காரர்களின் 'ஒருவேளை'யை யாரும் கேட்கவில்லை. அவர்களில் பலருக்குப் பெயர்கூட இல்லை. கனவான் 'ஒருவேளை' என்றால் அது அவனுடைய பெருந்தன்மை. வேலைக்காரன் 'ஒருவேளை' என்றால் அவனுக்கு விஷயம் தெரியவில்லை. ஒரே சொல், இரண்டு விலை. ஆங்கில ஆராய்ச்சி நடையின் அடக்கம், இழப்பதற்கு அஞ்ச வேண்டாதவனின் அடக்கமாகப் பிறந்தது. நாம் அதைக் கடன் வாங்கும்போது இந்தப் பூர்வீகத்தைக் கேட்டு வாங்கவில்லை.

நம்மிடம் இப்படி ஒன்று இல்லாததால் கடன் வாங்கினோம் என்றும் சொல்வதற்கில்லை. தமிழில் தயக்கத்துக்கு இரண்டு மரபுகள் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒன்று அவையடக்கம். கம்பன் தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனையாகச் சொல்லிக்கொள்கிறான். சொல்லி முடித்த பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் எங்காவது தயங்குகிறானா? இல்லை. அவையடக்கம் சொல்பவனைத் தாழ்த்தும். சொல்லப்படும் பொருளைத் தொடாது. மற்றது உரையாசிரியர்களின் வழி. 'என்பாரும் உளர்' என்று பிறர் கொள்கையைக் கொணர்ந்து நிறுத்துவது, அது பொருந்தாமைக்குக் காரணம் சொல்வது, சில இடங்களில் இரண்டையும் இருக்க விடுவது. இங்கே உரைகாரர் தம்மைத் தாழ்த்துவதே இல்லை. எடைபோடப்படுவது கருத்து மட்டும். தொல்காப்பியம் 'கொல்' என்ற இடைச்சொல்லுக்கு ஐயத்தையும் 'மன்ற' என்பதற்குத் தேற்றத்தையும் பொருளாகச் சொல்கிறது. ஐயத்துக்கும் துணிவுக்கும் தனித்தனி உருபு வைத்துக்கொண்டு, அதை இலக்கணத்திலும் ஏற்றிய மொழி இது.

பேச்சுத் தமிழிலும் இது சாகவில்லை. 'வந்தான்' என்பதும் 'வந்தானாம்' என்பதும் ஒன்றல்ல என்று நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியும். அந்த 'ஆம்' என்ற ஓரசை ஒலி, 'நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு எனதல்ல' என்று ஒரு முழு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது. 'வந்தானோ' என்றால் ஐயம். 'வந்திருப்பான்' என்றால் ஊகம். நம் வேலி வினைச்சொல்லின் வாலிலேயே முளைத்து நிற்கிறது. ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது முதலில் அறுபடுவது இந்த வால்தான். ஆங்கிலத்தில் அதைத் தனிச் சொல்லாக, சில சமயம் தனி வாக்கியமாக, வெளியிலிருந்து கொண்டுவந்து நட வேண்டும். மறந்தால் 'வந்தானாம்' என்று நினைத்தவன் 'வந்தான்' என்று எழுதியிருப்பான். அடித்துச் சொல்கிறோம் என்ற குற்றச்சாட்டில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது அகந்தையல்ல; மொழிபெயர்ப்பில் நேர்ந்த சேதம்.

மற்றப் பங்கு மனுவிலிருந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைக் கையாண்டது ஆராய்ச்சிக்காக அல்ல. உத்தியோகம் கேட்க, வரி வஜா கேட்க, மேல்முறையீடு செய்ய. மனுவின் மொழி 'தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்ளும்' மொழி. நம் அவையடக்கம் இதற்குள் மிக எளிதாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கவிஞன் சபையின் முன் செய்த விநயம் கலெக்டர் கச்சேரியின் வாசலில் கும்பிடாக மாறிற்று. வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆர்னால்ட் ரைட் இந்தியப் பத்திரிகைகளில் வந்த ஆங்கிலத்தைத் திரட்டி 'பாபு இங்கிலீஷ்' என்று ஒரு புத்தகமே போட்டார். அது வந்தது 1891-இல். அதாவது, இந்தியன் ஆங்கிலத்தில் பணிந்தால் கோமாளி. பணியாவிட்டால் திமிர் பிடித்தவன். உரையாசிரியனின் வழி, கருத்தை மட்டும் நிறுக்கும் வழி, அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

யார் கண்ணிலும் என்று சொல்வதுகூட மிகை. ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதே 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். அந்த நாடகத்தின் வாழ்த்துப் பகுதியில் தமிழைப் பற்றி எந்த வேலியும் இல்லாமல் பாடியவர் அவர். அது கவிதையின் உரிமை. அதே மனிதர் ஆங்கிலத்தில் சரித்திரம் எழுதிய விதத்தைப் பார்க்க வேண்டும்.

விவகாரம் திருஞானசம்பந்தரின் காலம். பிஷப் கால்டுவெல், சம்பந்தரோடு தொடர்புபடுத்தப்படும் கூன் பாண்டியனை, மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனாகக் கொண்டு, சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்குத் தள்ளியிருந்தார். கால்டுவெல் அசட்டையான ஆராய்ச்சியாளர் அல்ல. 1856-இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணத்திலும் 'ஒருவேளை'கள் இல்லாமல் இல்லை. ஆனால் பிஷப்பின் 'ஒருவேளை' படிப்பவன் மனசில் முடிவாக இறங்கிவிடுகிறது. தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல என்பதை யாரும் அவருடைய வாக்கியங்களை எடைபோடும்போது கணக்கில் எடுக்கவில்லை. அயல்மொழியில் புகுந்தவனுக்கு எச்சரிக்கை வேண்டும் என்ற விதி ஒரு திசையில் மட்டும் செல்லுபடியாயிற்று.

சுந்தரம் பிள்ளையின் மறுப்பு 1895-இல் நூலாக வந்தது. தமிழ் இலக்கிய வரலாற்றின் 'சில' மைல்கற்கள் என்பது அதன் தலைப்பு. திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி அவர் எழுதியதன் தலைப்பும் 'சில' என்றுதான் தொடங்குகிறது. இந்த 'சில' மனுதாரரின் 'சில' அல்ல. நான் காட்டப்போவது இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை என்று நிலத்தை அளந்து கல் நடுகிற 'சில'. அவர் சம்பந்தர் இன்ன ஆண்டில் பிறந்தார் என்று சொல்லப் புறப்படவில்லை. கல்வெட்டுகளையும் பிற்கால நூல்களில் வரும் குறிப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏழாம் நூற்றாண்டுக்கு இப்பால் சம்பந்தரைக் கொண்டுவர முடியாது என்று காட்டினார். 'இன்ன காலம்' என்பதற்கும் 'இதற்குப் பின் அல்ல' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்தவர் அவர். எல்லை வரைக்கும் துணிவு, எல்லைக்கு அப்பால் மௌனம். அதே ஆண்டுகளில் கல்வெட்டறிஞர் வெங்கையா, சம்பந்தர் பாடிய சிறுத்தொண்டர் வாதாபிப் படையெடுப்பில் பங்கு கொண்டவர் என்ற செய்தியை, 642-இல் பல்லவர்கள் வாதாபியை அழித்ததோடு சேர்த்து நிறுத்தினார். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் நிலைபெற்றார். பிள்ளை நட்ட கல் நின்றது. கால்டுவெல் வரைந்த கோடு ஆறு நூற்றாண்டு நகர வேண்டியிருந்தது.

பிள்ளையின் நடையில் என்னைக் கவர்வது அவர் வெற்றி பெற்றார் என்பதல்ல. பிஷப்பிடம் அவர் கும்பிடு போடவுமில்லை, கூச்சல் போடவுமில்லை. ஒரு இந்தியன் ஆங்கிலத்தில் எழுத இருந்த இரண்டு கதவுகளையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் திறந்தார். 1897-இல், நாற்பத்திரண்டாம் வயதில், அவர் இறந்துபோனார். அந்தக் கதவு அதன் பின் அடிக்கடி திறக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு எதிர்நிலையில் 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதத்தை வைத்துப் பார்க்கலாம். ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய அந்தக் கடிதத்தைப் பலரும் மேதையின் ஆவணமாகப் படித்திருக்கிறார்கள். நான் அதை நடையின் ஆவணமாகப் படிக்கிறேன். தன்னைப் பற்றிப் பேசும் இடங்களில் அது முழுக்க மனு: நான் குமாஸ்தா, சம்பளம் இவ்வளவு, பட்டப்படிப்பு இல்லை, ஏழை, அனுபவமில்லாதவன். கணிதத்துக்கு வந்ததும் நடை மாறிவிடுகிறது. தேற்றத்துக்கு மேல் தேற்றம். நிரூபணம் இல்லை, தயக்கம் இல்லை. பூனையும் பாற்கடலும் அப்படியே இருக்கின்றன. ஹார்டி அதிர்ந்துபோனதற்கு இந்தக் கலவையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தத் தேற்றங்களில் மிகப் பெரும்பாலானவை சரி. பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது தவறு. தமது சூத்திரத்தின் பிழை புறக்கணிக்கத் தக்கது என்று அவர் கொண்டிருந்தது நிற்கவில்லை. வேலி வேண்டியிருந்தது கணக்குக்கு. அவர் அதைத் தம்மைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். இதில் ராமானுஜனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் கிடைத்த ஆங்கிலம் அது.

இருபது வருஷம் கழித்து இன்னொரு தமிழர். பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்து, 1930-இல் பத்தொன்பது வயதில் கப்பலேறிய எஸ். சந்திரசேகர். குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட நட்சத்திரம் வெண்குள்ளனாகி அடங்க முடியாது என்பது அவர் கணக்கு. 1934-இல் இதைச் சுருக்கி எழுதும்போது வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்கிறார். அந்த நிலையை அடைய 'முடியாது' என்பதில் தயக்கமே இல்லை. அப்படியானால் அது என்னவாகும் என்ற இடத்தில், வேறு சாத்தியங்களை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று நிறுத்திக்கொள்கிறார். கணக்கு எங்கே முடிகிறதோ அங்கே, ஒரு அங்குலம் முன்னால் இல்லை, ஒரு அங்குலம் பின்னால் இல்லை, வேலி. சுந்தரம் பிள்ளையின் வேலி.

1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் எழுந்தார். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். நிரூபணம் இல்லை. 'ஒருவேளை'யும் பெயரளவுக்குத்தான். சபை சிரித்தது. சந்திரசேகர் சொன்னது சரி என்று உலகம் முழுமையாக ஏற்கப் பல வருஷங்கள் ஆயின. நோபல் பரிசு 1983-இல் வந்தது. இதை நிறத்துவேஷம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட நான் தயாரில்லை. எடிங்டன் மில்னையும் அப்படித்தான் தாக்கினார். சந்திரசேகரோ எடிங்டனிடம் கடைசிவரை மரியாதை வைத்திருந்து, அவரைப் பற்றி உரைகளே நிகழ்த்தினார். நான் சொல்ல வருவது வேறு. சரியான இடத்தில் சரியான உயரத்தில் வேலி போட்டாலும், நிலத்தின் பட்டா உங்கள் பெயரில் இல்லையென்றால் அது வேலியாகக் கண்ணில் படாது. பட்டா உள்ளவன் வேலியில்லாமலேயே எங்கும் நடக்கலாம்.

இதற்குப் பிறகு வந்த 'ஆய்வுகளை'ப் பார்க்கும்போது ஒரு சலிப்புத்தான் ஏற்படுகிறது. ராபர்ட் கேப்லன் 1966-இல் உலகத்து மொழிக்காரர்களின் சிந்தனைக்குப் படம் போட்டார்: ஆங்கிலேயன் நேர்கோடு, கீழ்த்திசைக்காரன் சுருள். பின்னால் அவரே அதைத் தளர்த்திக்கொண்டார். ஆனால் படம் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது. கென் ஹைலண்டும் ஜான் மில்டனும் 1997-இல் ஹாங்காங் மாணவர்களின் ஆங்கிலத்தை இங்கிலாந்து மாணவர்களுடையதோடு ஒப்பிட்டது இதைவிடப் பொறுப்பான வேலை. ஹாங்காங் மாணவர்கள் ஒருசில சொற்களையே திரும்பத் திரும்பக் கையாளுகிறார்கள், அதிக உறுதியோடு பேசுகிறார்கள், உறுதியின் அளவைத் துல்லியமாகக் காட்டச் சிரமப்படுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. இருக்கலாம். ஆனால் இதற்கு மருந்தாக வகுப்பறையில் கொடுக்கப்படுவது சொற்பட்டியல்: 'மே', 'மைட்', 'பெர்ஹாப்ஸ்', 'ஸீம்ஸ்'. மாணவன் உப்புத் தூவுவதுபோல் தூவுகிறான். எந்த வாக்கியத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பட்டியல் சொல்லாது. வேலியே பயிரை மேய்கிற எழுத்து இப்படித்தான் உற்பத்தியாகிறது.

எங்கே தயங்க வேண்டும் என்று தெரிய, தனக்கு முன்னால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரிய வேண்டும். அதற்கு நூலகம் வேண்டும். சுரேஷ் கனகராஜா 1984 முதல் பத்து வருஷம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்தவர். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லை, தாள் இல்லை, வெளிநாட்டுச் சஞ்சிகை வருவதில்லை. சஞ்சிகைகளோ பல பிரதிகளை, இன்ன தாளில், இன்ன முறையில் கேட்கும். 2002-இல் வந்த அவருடைய நூல், ஆராய்ச்சி நடை என்பது இந்தப் பொருள் வசதிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை எடுத்துக் காட்டியது. கடைசி ஐந்து வருஷத்துச் சஞ்சிகைகளைப் பார்க்க முடியாதவனுக்கு இரண்டே வழி: 'இதை நானே முதலில் சொல்கிறேன்' என்பது, அல்லது எதையும் சொல்லாமல் மழுப்புவது. ஆரம்பத்தில் சொன்ன இரண்டு குற்றச்சாட்டுகளும் ஒரே கட்டுரையின் மேல் விழுவது இதனால்தான். துல்லியமான 'ஒருவேளை' ஒரு வசதி.

எல்லாப் பழியையும் வெளியே போட்டுவிட்டுக் கையலம்ப முடியாது. எஸ். வையாபுரிப் பிள்ளையின் ஆங்கில இலக்கிய வரலாறு 1956-இல், அவர் இறந்த ஆண்டில், வந்தது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். ஒரு சொல்லுக்குப் பொருள் கூறும் முன் எத்தனை சான்று வேண்டும் என்று அறிந்தவர். தொல்காப்பியத்தையும் குறளையும் சிலம்பையும் அவர் கிறிஸ்துவுக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் வைத்தார். அவர் கணிப்புகளில் பலவற்றை இன்று ஏற்க முடியாது. அது ஆராய்ச்சியின் இயல்பு. ஆனால் நம்மில் அவரை மறுத்தவர்களில் எத்தனை பேர் அவர் அடுக்கிய சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார்கள்? பலருக்கும் 'தமிழ்த் துரோகி' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எடிங்டனின் சபை சிரித்தது என்றால் நம் சபை வைதது. சொல்பவனை விட்டுச் சொல்லப்பட்டதை நிறுக்கும் வழக்கம் நமக்கும் விட்டுப்போயிற்று.

விளைவு நம் பல்கலைக்கழகத் தமிழில் தெரிகிறது. முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றைப் பிரித்தால் பத்திக்குப் பத்தி 'எனலாம்', 'எனத் துணியலாம்', 'என்பது பெறப்படுகிறது'. இவை ஆங்கில வேலியின் தமிழ்ப் பதியன்கள். யாரும் மறுக்காத விஷயத்துக்கு 'எனலாம்'. பாரதி ஒரு புதுமைக் கவிஞர் 'எனலாம்'. யாராவது மறுக்கக்கூடிய இடம் வந்தால் ஆய்வாளர் பேசுவதில்லை. வழிகாட்டியின் நூலை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முன்பு கலெக்டருக்குப் போட்ட மனு இன்று தேர்வுக் குழுவுக்குப் போகிறது. ஐயம் இல்லாத இடத்தில் ஐயத்தின் உருபு. ஐயம் உள்ள இடத்தில் மௌனம். மறுபக்கம் மேடையில், மரக்கால் மரக்காலாகத் துணிவு.

ஐயம் ஒரு பணிவல்ல, அளவு. தனக்குத் தெரிந்தது எதுவரை என்று காட்டுகிறவன் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, நிலம் அளக்கிறான். அந்த அளவுகோல் நம்மிடம் இருந்தது. உரையாசிரியர்கள் அதை வைத்திருந்தார்கள், சுந்தரம் பிள்ளை அதை ஆங்கிலத்துக்குள் எடுத்துக்கொண்டு போனார். 'கொல்' வழக்கொழிந்துவிட்டது. 'போலும்' என்பதை இன்று கேலிக்குத்தான் அதிகம் உபயோகிக்கிறோம். 'ஆம்' மட்டும் தெருவில் உயிரோடு இருக்கிறது, ஆராய்ச்சிக்குள் விடப்படாமல்.